நிழலூரில் நாற்பத்தோராம் நாள்

ஒரு கக்கூஸ் கேட்டு மூன்று வருடம் அலைந்தவள் நான். பெயர் சேசம்மாள், வயது நாற்பத்து நான்கு. சங்குமேட்டு உப்பளத்தில் உப்பு வாருகிறேன், பெட்டி சுமக்கிறேன். கட்சி கிடையாது, கொடி பிடித்ததில்லை. இப்போது யாராவது என்னைச் 'சமூகச் செயல்பாட்டாளர்' என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உப்பளத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தி, பாத்திக்கு நடுவே வரப்பு, அவ்வளவுதான். ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. வரப்பில் ஒருத்தி குனிந்தால் அரை மைலுக்கு அப்பால் லாரியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். ஆம்பளைகளுக்கு என்ன, திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள் முப்பத்தெட்டுப் பெண்களும் விடியுமுன் வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி சாயங்காலம் வீட்டில்தான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவோம். இப்படியே பதினைந்து வருடம் போனால் உள்ளே என்ன ஆகும் என்று நாங்கள் யோசித்ததில்லை. லூர்துக்கு வந்த பிறகுதான் யோசித்தோம்.

லூர்துமேரி என் தங்கை. என்னைவிட ஆறு வயது இளையவள். என்னைவிட வேகமாகப் பெட்டி தூக்குவாள், என்னைவிட அதிகம் சிரிப்பாள். புருசன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். ரெண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் அவளுக்குக் கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, ரெண்டு கிட்னியும் பாதிதான் வேலை செய்கிறது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் மூன்று கோடைக்கு மேல் தாங்காது என்றார். வேறு வேலை பார்க்கச் சொன்னார். சங்குமேட்டில் வேறு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இந்த வருசம் உங்க பக்கத்துல இருந்து வர்ற பதினோராவது ஆளும்மா இவங்க. நான் எழுதற மாத்திரையால ஆகப்போறது ஒண்ணுமில்ல. உங்களுக்கு வேண்டியது ஒரு சட்டம். யாராவது போய்க் கேளுங்க."

யாராவது என்றால் யார்? சுற்றுமுற்றும் பார்த்தேன். நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டரம்மாவே ஒரு பயிற்சி வகுப்புக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். உடல்நலச் சட்டங்களுக்காக ஊர்மட்டத்தில் குரல் கொடுப்பது எப்படி என்று டவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் ரெண்டு நாள் வகுப்பு. சென்னையிலிருந்து வந்த மேடம் சொல்லிக் கொடுத்தார். சொந்தக் கதையை ரெண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அழலாம், ஆனால் பேச்சு நிற்கக் கூடாது. எம்எல்ஏவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும், எதற்கு என்று கேட்காதீர்கள். உதவியாளர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த ஹோட்டலில் பெண்களுக்கு மட்டும் மூன்று கக்கூஸ். ரெண்டு நாளில் நான் பத்துத் தடவை போனேன். பாதித் தடவை ஆசைக்காகத்தான்.

பிறகு கையெழுத்து. பதினேழு உப்பள ஊர்களில் ஞாயிறு ஞாயிறாக அலைந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் கையெழுத்து வாங்கினேன். செருப்பு மூன்று ஜோடி தேய்ந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர், இதைப் போட்டால் வீடு கிடைக்குமா என்று கேட்டார்கள். எம்எல்ஏ அலுவலகத்துக்கு ஏழு முறை போனேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிசேகம் என்று அவர் ஏழு முறையும் எங்கோ இருந்தார். எட்டாவது முறை வாசலிலேயே மறித்து ரெண்டு நிமிடத்தில் லூர்து கதையைச் சொன்னேன். நடுவில் அவருக்கு மூன்று போன் வந்தது. இருந்தாலும் குறை சொல்லக் கூடாது, மனுசன் கேட்டார். உப்பளத் தொழிலாளர் உடல்நல மேம்பாட்டு மசோதா என்று தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரச் சம்மதித்தார். இருநூறு அடிக்குள் கக்கூஸும் குடிதண்ணீரும், நிழலுக்குக் கொட்டகை, பதினொன்று முதல் மூன்று மணி வரை வேலை கிடையாது. எழுதி முடித்ததும் அவர் இன்னொன்றையும் சொன்னார். சட்டசபைக்குப் போகுமுன் அது நிழலூரில் ஓடித் தேற வேண்டுமாம்.

நிழலூர் என்றால் என்னவென்று எனக்குத் தயாபரன் தம்பிதான் விளக்கினார். கலெக்டர் ஆபீஸ் பின்கட்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற பையன். முப்பது வயதிருக்கும், முகத்தில் கபடம் கிடையாது. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

"உங்க ஊரை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு ஊரா வளத்திருக்கோம்மா. உங்க கைப்பட்டையில இருந்து வர்ற நாடி, வேர்வை, உடம்புச் சூடு எல்லாத்தையும் வெச்சு அங்க உங்களுக்கு ஒரு நிழல் இருக்கு. பேர் இருக்காது, நம்பர்தான். நீங்க எப்படி நடந்துப்பீங்களோ அப்படியே அதுவும் நடந்துக்கும். அந்த ஊருல சட்டத்தைப் போட்டு இருபது வருசம் ஓட விடுவோம். போடாமலும் ஓட விடுவோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் மேல அனுப்புவோம்."

நல்ல ஏற்பாடுதான் என்று எனக்கும் தோன்றியது. பேசிப் பேசி வாய் வலிப்பதற்கு எண்ணே பேசட்டுமே. ரெண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வெயில் பாதிப்பு இல்லை. நீர் வற்றுதல் இல்லை. கிட்னி நோய் இல்லை. சட்டத்தால் கிடைக்கும் பயன் பூச்சியம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாம் போலிருந்தது. தயாபரன் தம்பி மட்டும் சந்தோசமாக இருந்தார். சங்குமேட்டுப் பெண்கள் மாதிரி ஆரோக்கியமானவர்களை மாவட்டத்திலேயே பார்க்க முடியாது என்றார். அவ்வளவு ஒற்றுமை என்றார். போன மாதம் ஒருநாள் பகல் பதினொன்றே முக்காலுக்கு முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நொடியில் தும்மல் வந்ததாம். ஆபீஸே ஆச்சரியப்பட்டதாம்.

தும்மல் என்றதும் எனக்கு விசயம் புரிந்துவிட்டது. தும்மியது செல்வக்கனி.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அரசாங்கம் எங்கள் எல்லோருக்கும் கைப்பட்டை கொடுத்தபோது ஒரு விதியும் கூடவே வந்தது. வெயிலில் உடம்பு எல்லை மீறினால் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தடவை எரிந்தால் முப்பது நாள் ஓய்வு, யாரும் வேலைக்குச் சேர்க்கக் கூடாது. ஓய்வு எடு என்று சொன்னவன் அந்த முப்பது நாள் அடுப்பு எப்படி எரியும் என்று சொல்லவில்லை. பட்டையைக் கழற்றி வைத்தாலோ நாடி இல்லை என்று ஊர் நர்ஸ் வீட்டுக்கு வந்து நிற்பாள். உப்பளத்தை ஒட்டியே ஐஸ் கம்பெனி இருக்கிறது. அங்கே உள்ளறையில் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற வேலை செல்வக்கனிக்கு. குளுகுளுவென்று இருக்கும், குழாய் இருக்கும், கக்கூஸ் இருக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது எல்லோரும் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிடுவோம். அவள் ரெண்டு கையிலும் முழங்கை வரை, சேலைக்குள் ரெண்டு கெண்டைக்காலிலும் மாட்டிக்கொள்வாள். மேனேஜர் கேட்டதற்கு வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வோம்.

யோசனை யாருடையது என்று கேட்கிறீர்களா? என்னுடையதுதான். சட்டம் கேட்டு அலைந்த மூன்று வருடமும், சட்டம் தேவையில்லை என்று அரசாங்கத்துக்குத் தினமும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவளும் நானேதான். தயாபரன் தம்பி வளர்த்தது சங்குமேட்டை இல்லை. முப்பத்தெட்டுச் செல்வக்கனிகளை.

உண்மையைச் சொன்னதும் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. புதிதாக முப்பது நாள் எல்லோரும் பட்டையை மாட்டிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும், அதை வைத்து மறுபடி ஓட்டலாம் என்றார். ஆய்வுக் காலம் என்று பதிவு செய்தால் சிவப்பு விளக்கு எரியாது, ஓய்வுப் பட்டியலும் கிடையாது. ஆனால் உண்மையாகவே ஆபத்து வந்தாலும் எரியாது. அதற்குச் சம்மதம் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊரில் என்னை உரித்து எடுத்துவிட்டார்கள். கழற்றச் சொன்னதும் நீ, இப்போது மாட்டச் சொல்வதும் நீயா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். லூர்துதான் எழுந்து வந்து முதல் கையெழுத்தைப் போட்டாள். அவள் போட்ட பிறகு மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். செல்வக்கனி மட்டும், இத்தனை வருடம் கை கால் கனக்கச் சுமந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மார்ச் முழுக்க மாட்டிக்கொண்டு வாரினோம். வேர்வையும் உப்புத்தண்ணீரும் பட்டைக்குள் இறங்கி மணிக்கட்டெல்லாம் புண். லூர்து ரெண்டு தடவை தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போ என்றால் போகமாட்டாள். நான் விழுந்தால்தானே அவன் கணக்கில் ஏறும் என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருக்கும், மறுநொடி கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கும்.

ஏப்ரல் ஒன்றாம் தேதியை முதல் நாளாக வைத்து நிழலூரை மறுபடி ஓட்டினார்கள். இருபதாம் தேதி தயாபரன் தம்பி என்னைக் கூப்பிட்டுவிட்டார். காகிதத்தை நீட்டினார். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கடைசி வரியில் இருந்த அந்த வட்டம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. பயன் பூச்சியம்.

இந்தத் தடவை என்ன தம்பி, யார் தும்மினது என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பி மெதுவாக விளக்கினார். இந்த முறை நிழல்களுக்கு வெயில் உறைத்திருக்கிறது, கிட்னி கெட்டிருக்கிறது, எல்லாம் உண்மைபோலவே நடந்திருக்கிறது. ஆனால் நாற்பத்திரண்டாம் நாள் அந்த ஊர்ப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. பத்தாம் நாள் முதலாளி கக்கூஸ் கட்டச் செங்கல் இறக்கிவிட்டான். கொட்டகை, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வந்துவிட்டது. சட்டத்தைப் போட்டாலும் அதுதான், போடாவிட்டாலும் அதுதான். ஆகவே வித்தியாசம் பூச்சியம்.

எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். நிஜத்தில் கங்காணி இருமினாலே எழுந்து ஓடுகிற எங்கள் கூட்டம் அங்கே ஒன்பது நாள் உட்கார்ந்திருக்கிறதே. எத்தனை பேர் உட்கார்ந்தோம் என்று கேட்டேன். முப்பத்தேழு என்றார். மீதி ஒருத்தி கங்காணி பக்கம் போய்விட்டாளாக்கும் என்று கேட்டேன். அவர் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க தம்பி. அவ எங்க போனா?"

"நாப்பத்தோராம் நாள் அவங்க பாத்தியில விழுந்துட்டாங்கம்மா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அடக்கம் பண்ணிட்டு வந்த கையோடதான் மத்தவங்க உக்காந்தாங்க."

நம்பர் கேட்டேன். சொல்லக் கூடாது, விதியில் இடமில்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதினேழு என்றார்.

பட்டை வாங்க வரிசையில் நின்றபோது எனக்குக் கொடுத்தது பதினாறு. எனக்கு அடுத்து நின்றவள் லூர்து.

நாற்பத்தோராம் நாள் என்றால் மே பதினொன்று. இன்னும் மூன்று வாரம். ஒரு உயிரைக் கூடவா உங்கள் கம்ப்யூட்டர் வித்தியாசம் என்று எண்ணாது என்று கேட்டேன்.

"எண்ணுதும்மா. ஆனா சட்டம் நிறைவேறி நடைமுறைக்கு வர ஒன்றரை வருசம் ஆகும். சட்டம் போட்ட ஓட்டத்துலயும் அவங்க அதே நாள்தான் இறந்துபோறாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணு. கழிச்சா பூச்சியம்."

சொல்லிவிட்டு அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்க்கவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பத்தோராம் நாளுக்கு முன்னாலேயே உட்கார்ந்தால் என்ன ஆகும், அப்போதும் செங்கல் வருமா என்று கேட்டேன். அதை ஓட்டிப் பார்க்கவில்லை என்றார். ஓட்ட வேண்டுமென்றால் புது மனு கொடுக்க வேண்டும், மூன்று மாதம் ஆகும், படிவம் கீழ்த்தளத்தில் கிடைக்கும்.

படியிறங்கும்போது எம்எல்ஏவின் உதவியாளர் போன் செய்தார். சட்டமே தேவைப்படாத அளவுக்கு விழிப்புணர்வு உள்ள ஊர் என்று முடிவு வந்திருக்கிறதாமே, அண்ணனுக்கு ரொம்பப் பெருமை, ஒரு பாராட்டு விழா வைக்கலாமா என்று கேட்டார். வகுப்பில் நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் போனை அணைத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். அவர்கள் ஒருத்தியைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பிணத்தைப் பார்த்துத்தான் முதலாளி பயந்தானா, அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்துப் பயந்தானா? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள மூன்று மாதம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் முப்பத்தெட்டுப் பேரையும் கூட்டினேன். செல்வக்கனியும் வந்து ஓரமாக நின்றாள். நிழலூரில் நாம் உட்கார்ந்து கக்கூஸ் வாங்கிவிட்டோம் என்று சொன்னேன். எந்த நாள் உட்கார்ந்தோம் என்று மட்டும் சொல்லவில்லை. நாளைக்கே உட்காருவோம் என்றேன். சட்டத்துக்கு மனுப்போட்டது என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அதையும் போடுவேன், ஒன்றரை வருடம் கழித்து வரட்டும், மற்ற பதினாறு ஊருக்கும் வேண்டுமே என்றேன். வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன்.

லூர்துதான் கேட்டாள்.

"அங்க நம்ம எல்லாரும் எதுக்குக்கா உக்காந்தோம்? நம்மளுக்கு அவ்வளவு ரோசம் எங்கருந்து வந்துச்சு?"

"வெயிலு தாங்கலட்டி" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலை ஆறு மணிக்கு வரப்பில் உட்கார்ந்தோம். நான்கு கம்பு நட்டு, பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டி ஒரு மறைப்பு வைத்தோம். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்திருந்தோம். பதினெட்டு வருடத்தில் அந்த வரப்பில் உட்கார்ந்து நான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் லூர்து. அவளுக்கு ஒரு சொம்பு முடிந்ததும் அடுத்த சொம்பை நானே மொண்டு கொடுத்தேன். போதும்க்கா, வயிறு வெடிச்சிரும் என்றாள். குடி என்று அதட்டினேன். எட்டு மணிக்கு வெயில் ஏறியது. ரெண்டு மூன்று பேர் நெளிய ஆரம்பித்தார்கள். ஒருத்தி எழுந்து பெட்டியை எடுக்கப் போய், யாரும் கூட வராததால் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சேலைக்குள் பட்டை வைத்துச் சுமந்த செல்வக்கனி கூட, ஐஸ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து எங்களோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

எட்டரைக்குக் கங்காணி பொன்ராசு அண்ணாச்சி பைக்கில் வந்தார். பாத்திகளைப் பார்த்தார். வாராத உப்பைப் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். பைக்கை நிறுத்தக்கூட இல்லை, அதன் மேலேயே இருந்துகொண்டு கத்தினார்.

"என்னட்டி இது கூத்து? யாரு செத்துப்போயிட்டான்னு எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கிய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் யாரும் சாவல அண்ணாச்சி. அதுக்குத்தான் இன்னைக்கே உக்காந்துட்டோம்."

லூர்து அதை வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். சொம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, புரையேறும்வரை சிரித்தாள்.